பிளாஸ்டிக் கதவில் பூனைவாசல் பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிளாஸ்டிக் கதவை வெட்டுவது மரத்தை வெட்டுவதைவிடச் சுலபம். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. வெளியே ஒரே வெள்ளையாகத் தெரியும் கதவுக்குள் இரும்புக் குழாய் ஓடலாம், வெறும் காற்றறைகள் இருக்கலாம், தெர்மகோல் மாதிரி நுரை இருக்கலாம், கதவு தொங்காமல் தாங்கும் சின்னப் பேக்கிங் துண்டுகள் இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ரம்பத்தை வைத்தால் பின்னால் கதவு தொங்கும், தாழ்ப்பாள் விழாது, மழைத் தண்ணீர் உள்ளே வரும். அதனால் இந்த வழிகாட்டியில் கணிசமான பகுதி வெட்டுவதற்கு முன் செய்யவேண்டியதைப் பற்றியது.

கடைகளில் கேட் ஃப்ளாப், கேட் டோர் என்று கேட்டால் கிடைக்கும் பொருளை இங்கே பூனைவாசல் என்கிறோம். அதில் முன்னும் பின்னும் ஆடும் தகடுதான் மடல்.

முதலில் கதவின் வகை

நம் வீடுகளில் மூன்று வகைப் பிளாஸ்டிக் கதவுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் வேலை வேறு.

பாத்ரூமிலும் சமையலறைப் பின்வாசலிலும் போடும் பிவிசி கதவு முதல் வகை. தூக்கினால் லேசாக இருக்கும், தட்டினால் டொக்கென்று காலி டப்பா சத்தம் வரும். நெட்டுக்குத்தாக நிற்கும் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து, சுற்றிலும் சட்டம் போட்டிருப்பார்கள். பலகைக்குள்ளே காற்றறைகள். சட்டத்துக்குள்ளும், சில கதவுகளில் நடுவிலும், இரும்புக் குழாய் இருக்கும்.

இரண்டாவது யுபிவிசி கதவு. பால்கனிக்கும் தோட்டத்துப் பக்கமும் போடுவது. கனமான சட்டம், அதற்குள் துத்தநாகம் பூசிய இரும்பு, நடுவில் கண்ணாடி அல்லது பேனல். பெரும்பாலும் குறுக்குச் சட்டத்துக்கு மேலே கண்ணாடியும் கீழே பேனலும் இருக்கும். பூனைவாசலுக்கு இந்தக் கீழ்ப் பேனலைப் போல வசதியான இடம் வேறில்லை.

மூன்றாவது, உள்ளே காற்றறை இல்லாமல் கெட்டியாக வரும் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது), பிவிசி ஃபோம் போர்டு கதவுகள். இவற்றை மரத்தைப் போலவே வெட்டி, திருகு போட்டுவிடலாம். இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

கீழேயும் கண்ணாடி இருந்தால் அதில் ஓட்டை போட நினைக்காதீர்கள். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கி உறுதிப்படுத்தியது. அதை வெட்டவே முடியாது. டிரில் பட்டதும் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாக உதிரும். ஒன்று, ஓட்டையை முதலிலேயே வெட்டி அதற்குப் பிறகு டஃபன் செய்த புதுக் கண்ணாடி வாங்க வேண்டும். அல்லது கீழ்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே கனத்தில் பேனல் போட வேண்டும். பேனல்தான் செலவும் குறைவு, பின்னால் மாற்றுவதும் எளிது.

காந்தமும் 3 மி.மீ. துளையும்

ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றை எடுத்துக் கதவின் கீழ்ப்பகுதி முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் நகர்த்துங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே உள்ளே இரும்பு. பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோட்டுக்குள் வெட்டவே கூடாது. இரும்பை அறுத்தால் கதவின் முதுகெலும்பு போனது போலத்தான். அறுத்த இடத்தில் துருவும் தொடங்கும்.

அலுமினியத்தைக் காந்தம் காட்டிக்கொடுக்காது. சில பேனல்களில் தோலுக்கு அடியில் அலுமினியத் தகடோ பிளைவுட்டோ வைத்திருப்பார்கள். அதற்கு ஒரு வழி: எப்படியும் வெட்டி எடுக்கப்போகும் பகுதியின் நடுவில் 3 மி.மீ. பிட்டால் ஒரு துளை போடுங்கள். பிட்டை மெதுவாக இழுத்து, சுருளோடு வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளைச் சுருள் பிவிசி. லேசாக உருண்டு ஒட்டும் வெள்ளை அல்லது நீல மணிகள் நுரை. பழுப்புத் தூள் மரமோ எம்டிஎஃப்போ (மரநாரை அழுத்திச் செய்த பலகை). பளபளக்கும் வெள்ளிச் சீவல் அலுமினியம். பிட் திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய், கொஞ்ச தூரத்தில் மறுபடி தடுத்தால் அது காற்றறை. எம்டிஎஃப் என்றால் வெட்டிய விளிம்பைக் கட்டாயம் பெயின்டோ சிலிக்கானோ பூசி அடைக்க வேண்டும். ஒரு மழையில் உப்பிவிடும்.

எந்தப் பூனைவாசல் வாங்குவது

சாதாரண மடல் எல்லாப் பூனைக்கும் திறக்கும். தெருக் கடுவன் உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டு, சுவரில் சிறுநீர் அடித்துவிட்டுப் போகும். நான்கு நிலைப் பூட்டு உள்ளதை வாங்குங்கள்: உள்ளே மட்டும், வெளியே மட்டும், இரண்டும், முழுப்பூட்டு. இரவில் முழுப்பூட்டு போட்டால் எலி, பெருச்சாளி வரவும் வழியிருக்காது.

கழுத்துப்பட்டைக் காந்தத்தால் திறப்பவையும், தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பைப் படித்துத் திறப்பவையும் உண்டு. மைக்ரோசிப் வகை வாங்கினால் இரண்டு சங்கதிகளைப் பாருங்கள். உங்கள் பூனைக்குப் போட்டிருப்பது 15 இலக்க எண் கொண்ட, 134.2 கிலோஹெர்ட்ஸ் ஐஎஸ்ஓ தரச் சிப்தானா? அடுத்தது, பக்கத்தில் இரும்பு இருந்தால் சிப்பைப் படிக்கும் தூரம் குறையும். பேட்டரி போட்டு, வெட்டப்போகும் இடத்தில் கருவியைச் சாய்த்துப் பிடித்து, அந்தக் கருவிக்கான, சிப் வைத்த கழுத்து டேக் ஒன்றைக் காட்டிப் பாருங்கள். கதவிலிருந்து தள்ளிப் பிடிக்கும்போது படித்து, கதவில் ஒட்டிப் பிடித்தால் திணறினால் அந்த இடம் உதவாது. வெட்டிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

அளவை முடிவுசெய்ய, ஒரு அட்டைப்பெட்டியில் மடலின் உள் அளவுக்குச் சதுரம் வெட்டி, அந்தப் பக்கம் மீன் துண்டு வையுங்கள். பூனை தோள்பட்டையை நெருக்காமல் போனால் சரி. குட்டியாக இருந்தால் வளர்ந்த பூனையின் அளவுக்கே வாங்குங்கள்.

எந்த இடம், எவ்வளவு உயரம்

பூனை நின்றுகொண்டிருக்கும்போது தரையிலிருந்து அதன் வயிறு வரை அளந்து பாருங்கள். வளர்ந்த பூனைக்கு ஏறத்தாழ 10 முதல் 15 செ.மீ. வரும். மடலின் அடிவிளிம்பு அந்த உயரத்தில் இருக்க வேண்டும். மிகத் தாழ்வாக வைத்தால் பூனை ஊர்ந்து போக வேண்டியிருக்கும், தரையில் ஓடும் மழைநீரும் தெறிக்கும். உயரமாக வைத்தால் குதிக்க வேண்டியிருக்கும். வயதான பூனைக்கு மூட்டு வலிக்கும்.

யுபிவிசி கதவில் இங்கே ஒரு இடிப்பு வரும். அடிச்சட்டமே ஏறத்தாழ 10 செ.மீ. அகலம். அதற்கு மேல் பீடிங் (பேனலைச் சட்டத்தில் பிடித்துவைக்கும் பட்டை), அதற்கு மேல் பூனைவாசலின் வெளிவிளிம்பு. எல்லாம் கூட்டினால் மடல் 17, 18 செ.மீ. உயரத்தில்தான் உட்காரும். சரியான உயரம் வேண்டும் என்று அடிச்சட்டத்தை வெட்டிவிடாதீர்கள். உள்ளே ஒரு மரப்பலகையோ தட்டையான செங்கலோ படியாக வைத்தால் போதும். வெளியே தரை தாழ்வாக இருக்கும் பின்வாசல்களில் இது இன்னும் அவசியம். திரும்பி வரும் பூனை வெளித்தரையிலிருந்துதான் ஏற வேண்டும். வெளியே 20 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயும் ஒரு சிமென்ட் கல் போடுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. நம் ஊர்க் கதவுகளில் அடியிலும் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். பூனைவாசல் வழியே கையை விட்டால் முதலில் எட்டுவது அந்தத் தாழ்ப்பாள்தான். கீல் பக்கமாகப் பூனைவாசலை ஒதுக்குங்கள். முடித்தபின் நீங்களே வெளியிலிருந்து கையை விட்டு எட்டுகிறதா பாருங்கள். எட்டினால் அடித்தாழ்ப்பாளுக்குப் பூட்டு மாட்டுங்கள், அல்லது இன்னும் மேலே மாற்றுங்கள். உள்பக்கப் பூட்டில் சாவியை விட்டுவைக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

அடுக்குமாடியில் பால்கனிக்குப் பூனைவாசல் வைப்பதாக இருந்தால் முதலில் பால்கனிக்கு வலை. வலை இல்லாத பால்கனிக்கு வழி திறந்துவிடுவதில் எந்த நியாயமும் இல்லை. பூனை விழும், விழுந்தால் அடிபடும்.

மணல் தட்டைப் பாத்ரூமில் வைத்து அந்தக் கதவில் வழி வைக்கிறவர்களும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பாத்ரூமில் பினாயில் ஊற்றக் கூடாது. ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் சரியாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது. தரையில் மிதித்த காலை நக்கினாலே அதற்கு விஷம்.

வாடகை வீடு என்றால், யுபிவிசியில் அதே அளவில் புதுப் பேனல் ஒன்று வாங்கி, அதில் வெட்டி மாட்டுங்கள். பழையதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிடலாம். இதற்கும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தேவையானவை

டிரில் மெஷின், 3 மி.மீ., 6 மி.மீ., 12 மி.மீ. பிட்கள். வேகத்தைக் குறைக்கும் வசதியுள்ள ஜிக்சா (கையில் பிடித்து ஓட்டும் மின்சார ரம்பம்), நுண்பல் பிளேடு இரண்டு. பிளேடு கதவின் கனத்தைவிடக் குறைந்தது 3 செ.மீ. கூடுதல் நீளம் இருக்க வேண்டும். ரசமட்டம், மூலைமட்டம், டேப், மாஸ்கிங் டேப், அரைவட்ட அரம், உப்புத்தாள். நியூட்ரல் வகைச் சிலிக்கான் ஒரு டியூப். வினிகர் நெடி அடிக்கும் சாதாரணச் சிலிக்கான் உலோகத்தை அரிக்கும், பிவிசியில் அவ்வளவு நன்றாகப் பிடிப்பதும் இல்லை. காற்றறைக் கதவு என்றால் மரச்சட்டத் துண்டுகளும். கடலோரத்தில் இருப்பவர்கள் பெட்டியோடு வரும் திருகுகளை ஒதுக்கிவிட்டு அதே அளவில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) திருகு வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.

யுபிவிசி பேனலைக் கழற்றுதல்

கதவில் வைத்தே வெட்டலாம். ஆனால் பேனலைக் கழற்றி மேசையில் போட்டு வெட்டினால் வெட்டு நேராக வரும், அதிர்வில் கண்ணாடிக்கும் ஆபத்தில்லை.

உள்பக்கம் பேனலைச் சுற்றியிருக்கும் நான்கு பீடிங்கில் எது நீளமோ அதில் தொடங்குங்கள். அதன் நடுப்பகுதியில், பீடிங்குக்கும் சட்டத்துக்கும் இடையே, கெட்டியான பட்டித் தகட்டை வைத்து லேசாகத் தட்டி, பேனல் பக்கமாக நெம்பினால் வில்லாக வளைந்து டக்கென்று வெளியே வரும். மூலையில் தொடங்கினால் முனை உடையும். எடுக்க எடுக்க ஒவ்வொன்றின் பின்னாலும் மேல், கீழ், இடது, வலது என்று எழுதிவிடுங்கள்.

பேனலை எடுத்ததும் உடனே வெட்டப் போய்விடாதீர்கள். காலியான சட்டத்தின் உள்விளிம்பில் விரல் நீளத்துக்கு நீலமும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் துண்டுகள் செருகியிருக்கும். அவை கழிவு இல்லை. கீல் பக்கம் அடியில் ஒன்று, பூட்டுப் பக்கம் மேலே ஒன்று என்று மூலைவிட்டமாக வைத்து, பேனலின் விறைப்பையே முட்டுக்கொடுத்து, பூட்டுப் பக்கம் தொங்காமல் கதவைத் தூக்கி நிறுத்துவது அவைதான். பேனலைத் திரும்ப மாட்டும்போது இவற்றைத் தவறவிட்டால் சில வாரங்களில் கதவு அடியில் உரசும், பூட்டு துளையில் விழாது. பலர் கீலைக் குறை சொல்லி மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். கோளாறு இந்தத் துண்டுகளில்தான் இருக்கும். போனில் ஒரு படம் எடுங்கள், ஒவ்வொன்றின் இடத்தையும் கனத்தையும் குறியுங்கள்.

அடிச்சட்டத்தில் சின்ன நீள்துளைகள் தெரிந்தால் அவை தண்ணீர் வடியும் வழி. தூள் விழுந்து அடைபடாமல் டேப்பால் மூடி வையுங்கள். கடைசியில் டேப்பை எடுக்க மறக்காதீர்கள்.

குறித்தல்

பெட்டியில் வரும் காகித அச்சை வைத்தே குறியுங்கள். அச்சு இல்லையென்றால் பூனைவாசலில் ஓட்டைக்குள் நுழையும் பகுதியை அளந்து, சுற்றிலும் 1 முதல் 2 மி.மீ. கூடுதலாக விடுங்கள். பிவிசி வெயிலில் நன்றாகவே விரியும்: 2 மீட்டர் உயரக் கதவு, 20 டிகிரி சூடு ஏறினால் 2.5 மி.மீ.க்கு மேல் நீளும். இறுக்கிச் செருகிய பூனைவாசலில் மடல் மத்தியானம் மட்டும் உரசும், சாயங்காலம் சரியாகிவிடும். காரணம் இதுதான்.

வெட்டும் பகுதி முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் ரசமட்டம் வைத்துக் கோடு போடுங்கள். கதவின் விளிம்பை நம்பி அளக்காதீர்கள். கதவு லேசாகச் சாய்ந்திருந்தாலும் மடல் நேராகத் தொங்க வேண்டும். பேனலைக் கழற்றுவதற்கு முன்பே கதவில் இருக்கும்போது கோடு போட்டுவிடுவது உத்தமம். கோட்டிலிருந்து பீடிங் வரை 5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும், பூனைவாசலின் விளிம்பு பீடிங்கின் மேல் ஏறினால் தட்டையாக உட்காராது. பேனலில் பூவேலைப்பாடு புடைத்திருந்தாலும் இதே பிரச்சினை. சமதளமான இடமாகப் பாருங்கள்.

மறுபக்கமும் வேண்டும் என்றால், நான்கு மூலையிலும் 3 மி.மீ. பிட்டை நேராகப் பிடித்து ஊடுருவத் துளைத்து, மறுபக்கம் அந்தப் புள்ளிகளை இணையுங்கள்.

வெட்டுதல்

நான்கு மூலையிலும், கோட்டுக்கு உள்ளே, 12 மி.மீ. துளை. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று துளைத்தால் பின்தோல் பிய்யாது. வட்டமான மூலை அழகுக்காக இல்லை: கூர்மூலையில்தான் பிவிசி விரிசல் விடத் தொடங்கும், அந்த விரிசல் கதவு அடித்துச் சாத்தும் ஒவ்வொரு முறையும் வளரும்.

ஜிக்சாவின் அடித்தகட்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், கீறல் விழாது. வேகத்தைக் குறையுங்கள். வேகமாக ஓட்டினால் பிளேடு சூட்டில் பிவிசி உருகி, பிளேடு கடந்துபோன பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் முழுக்க வெட்டியும் துண்டு அசையாமல் நிற்கும். புகை நெடி வந்தால் உடனே நிறுத்துங்கள், ஆறவிடுங்கள். வெயிலில் காய்ந்த கதவை மத்தியானம் வெட்டாமல் காலையில் வெட்டுவதும் இதற்காகத்தான்.

கனமான பேனலில் பிளேடு வளைந்து, முன்பக்கம் கோட்டிலும் பின்பக்கம் 4, 5 மி.மீ. தள்ளியும் போகும். மெஷினைத் தள்ளாமல் தானாக நகரவிடுங்கள். கடைசிப் பக்கத்தை வெட்டும்போது நடுத்துண்டை டேப்பால் கட்டிவையுங்கள், இல்லையென்றால் அது தன் பாரத்தில் பிய்ந்து விழும்போது மூலையையும் சேர்த்துக் கிழிக்கும். விளிம்பை அரத்தால் சரிசெய்து, தூளை ஈரத்துணியால் முழுக்கத் துடைத்தெடுங்கள். தரையில் கிடக்கும் தூள் பூனையின் காலில் ஒட்டி வாய்க்குத்தான் போகும்.

காற்றறைக் கதவுக்கு நிரப்பு வேலை

பாத்ரூம் வகை பிவிசி கதவை வெட்டியதும் விளிம்பில் வரிசையாகக் காலி அறைகள் தெரியும். இப்படியே திருகை முடுக்கினால் இரண்டு தோலும் உள்ளே அமுங்கும், பூனைவாசல் ஆடும். இந்த வகையில் தவறாமல் வரும் கோளாறு இது.

உள்ளிடைவெளியைத் துல்லியமாக அளந்து (கதவின் மொத்தக் கனத்தில் இரண்டு தோலையும் கழித்தால் வருவது), அதே கனத்தில் மரத்துண்டுகள் சீவிக்கொள்ளுங்கள். திருகு வரும் இடங்களிலெல்லாம் விளிம்பிலிருந்து 3 செ.மீ. ஆழத்துக்கு ஒவ்வொரு அறையிலும் ஒரு துண்டு, சிலிக்கான் தடவி, விளிம்போடு சமமாக. பக்கவாட்டில் வெட்டு ஒரு அறையின் நடுவில் விழுந்திருந்தால் அந்த நீளம் முழுக்க ஒரே சட்டமாகச் செருகுங்கள். மரத்தில் வார்னிஷ் ஒரு கை பூசியிருந்தால் ஈரம் ஏறாது. திருகு இல்லாத அறைகளின் வாயையும் திறந்துவிடாமல் சிலிக்கானால் அடையுங்கள். திறந்துவிட்டால் அடியறைகளில் தண்ணீர் இறங்கித் தேங்கும், எறும்பு குடிவைக்கும். சிலிக்கான் இறுக ஒரு நாள் விட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

பொருத்துதல்

கதவின் உள்பக்கம் வரும் உள்கூட்டையும் வெளிப்பக்கம் வரும் வெளிக்கூட்டையும் திருகில்லாமல் வைத்துப் பாருங்கள். மடலை விரலால் தள்ளிவிட்டால் நாலைந்து முறை ஆடி நடுவில் நிற்க வேண்டும். உரசினால் ஓட்டையைத்தான் அரத்தால் பெரிதாக்க வேண்டும், கூட்டை அமுக்கக் கூடாது.

திருகுத் துளைகளைத் திருகைவிட 1 மி.மீ. பெரிய பிட்டால் போடுங்கள். வெளிக்கூட்டின் பின்புறத்தில், மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் மெல்லிய சிலிக்கான் கோடு. அடிவிளிம்பில் வேண்டாம். எப்படியும் சில துளி உள்ளே போகும், அது வெளியேற வழி வேண்டும். நாலு பக்கமும் அடைத்தால் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். ஒவ்வொரு திருகுத் துளையிலும் ஒரு சொட்டு விடுங்கள்.

திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கையால் முடுக்குங்கள். டிரில் மெஷினால் முடுக்கினால் கூடு வளையும். ஒவ்வொரு சுற்றுக்கும் மடலை ஆட்டிப் பாருங்கள். எந்தத் திருகில் அது தயங்கத் தொடங்குகிறதோ அதை அரைச்சுற்று தளர்த்துங்கள். திருகு நீளமாக இருந்தால் ஆக்சா பிளேடால் வெட்டி முனையை அரத்தால் மழுக்குங்கள், பூனையின் முதுகு அங்கேதான் உரசும்.

பேனலைத் திரும்ப மாட்டும்போது படத்தைப் பார்த்து முதலில் பேக்கிங் துண்டுகள், பிறகு பேனல், பிறகு குட்டைப் பீடிங் இரண்டு, கடைசியாக நீளமானவை. நீளப் பீடிங்கை வில்லாக வளைத்து இரு முனையையும் முதலில் செருகி, நடுவைத் தட்டுங்கள். ரப்பர் இறங்க மறுத்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கதவைத் திறந்து சாத்திப் பூட்டிப் பாருங்கள். முன்பு போலவே பூட்டினால் பேக்கிங் சரி.

பழக்குதல்

சிலிக்கான் நெடி போக 24 மணி நேரம் விடுங்கள். அதுவரை பூனையை அந்தப் பக்கம் விடவேண்டாம். முதல் சில நாட்கள் மடலை முழுக்கத் தூக்கி டேப்பால் ஒட்டிவிடுங்கள். அந்தப் பக்கம் சாப்பாட்டுத் தட்டு. ஓட்டை வழியாகத் தயங்காமல் போக ஆரம்பித்ததும் மடலைப் பாதி இறக்கி ஒட்டுங்கள், தலையால் முட்டித் தள்ளக் கற்றுக்கொள்ளும். அதன் பிறகு முழுக்க விடுங்கள். மடல் காந்தத்தில் டக்கென்று ஒட்டும் சத்தத்துக்குப் பல பூனைகள் பயப்படும். காந்தத்தின் மேல் மெல்லிய ஃபெல்ட் துண்டு ஒட்டினால் சத்தம் குறையும். பூனையைப் பிடித்து உள்ளே தள்ளக் கூடாது. ஒரு தடவை தள்ளினால் மாதக்கணக்கில் அந்த வாசல் பக்கமே வராது. சில பூனைகள் இரண்டு நாளில் பழகும், சில ஒரு மாதம் எடுக்கும்.

வெளியே விடுவதற்கு முன் கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை மடலின் அடியில் சேரும் முடியையும் மண்ணையும் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். மடல் முழுக்க மூடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் அந்த அழுக்குதான் காரணம். மழைக்காலம் தொடங்குமுன் வெளிவிளிம்புச் சிலிக்கானை நகத்தால் நெம்பிப் பாருங்கள். உரிந்து வந்தால் பழையதை முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பழையதன் மேல் புதியது பிடிக்காது.